பாசிக்கு ஒரு போத்தல்: ‘திரவக் காபன்’, கிளிநொச்சிக் கிணற்றுத் தண்ணீரில்

கண்ணாடித் தொட்டியில் பாசி பிடிக்குது என்று வன்னியில் எந்த மீன் கடையில் போய்ச் சொன்னாலும் கையில் எடுத்துத் தருவது ஒரே சாமான்தான்: ‘திரவக் காபன்’. வெள்ளைப் பிளாஸ்ரிக் போத்தல், பச்சை இலை அச்சடித்த லேபல், 250 மில்லி. நான் வவுனியாவில் வாங்கினேன், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைய. சோளகம் தொடங்குகிற காலத்தில் வாங்கியது, இப்போது கால்வாசி மிச்சம். ஐந்து புள்ளிக்கு இரண்டரை கொடுக்கிறேன். அந்த இரண்டரையும் ஒரேயொரு பாசிக்காக.

கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை. ஏ9 வீதியின் கிழக்குக் கரையில் இருப்பதால் கடையின் முகம் மேற்கே. மூன்றடித் தொட்டி முன் மேசையில், வருகிற சனம் பார்க்கட்டும் என்று வைத்தது. அடையாள அட்டைக் கொப்பி எடுக்க வருகிற அம்மாமார் காசு தந்த பிறகும் நின்று பார்ப்பார்கள், பிள்ளைகளைச் சொல்லவே வேண்டாம். உள்ளே கப்பி, மொலி, கொஞ்ச இறால். பாலைக் கட்டை ஒன்று, அதில் நூலால் கட்டிய அனுபியாஸ். பின்பக்கம் முழுக்க வலிஸ்னேரியா, மூலையில் ஹைட்ரில்லா. முன்னுக்குக் கிரிப்டோகோரைன். அது தென்மேற்கு ஈரவலய ஆறுகளின் செடி, எங்கள் பக்கத்துச் செடி இல்லை, ஆனாலும் தாங்கி நிற்கிறது. அடிமண், கட்டை எல்லாம் போக நிற்பது 130 லீற்றர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் அளவெல்லாம் அந்தக் கணக்கில்.

பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வெயில் நேரே தொட்டிக்குள் இறங்கும். வைகாசி தொடங்கி ஆவணி வரை தண்ணீர் 30 பாகைக்கு மேலேதான் நிற்கும். இப்படியான தொட்டியில் பாசி வராவிட்டால்தான் அதிசயம். என்னிடம் வந்தவை மூன்று. கண்ணாடியில் பச்சைத் தூள், ஹைட்ரில்லாவில் நூல் பாசி, அனுபியாஸ் இலை ஓரத்திலும் பில்டர் வாயிலும் கறுப்புத் தாடிப் பாசி. கடைக்காரர் மூன்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்.

“இதை ஒவ்வொரு நாளும் ஊத்துங்கோ அண்ணை. பாசி போகும், செடியும் பிச்சுக்கொண்டு வளரும்.”

“எல்லாப் பாசியுமோ தம்பி?”

“எல்லாம் போகும்.”

முதலில் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். லேபலில் ‘காபன்’ என்றிருந்தாலும் இந்த வகைத் திரவங்களின் சரக்கு குளுட்டரல்டிஹைட், அல்லது அதன் நெருங்கிய உறவு. சீகெம் நிறுவனத்தின் ‘எக்செல்’தான் இந்த வரிசையில் உலகம் அறிந்த பெயர். அவர்கள் தங்கள் மூலப்பொருளுக்குச் சொல்கிற இரசாயனப் பெயர் பொலிசைக்ளோகுளுட்டரசிட்டல். குளுட்டரல்டிஹைட்டை ஆஸ்பத்திரிகளில் சூடாக்கக் கூடாத கருவிகளைக் கிருமி நீக்க 2 வீதக் கரைசலாகப் பாவிப்பார்கள். எனக்கு அதை ஞாபகப்படுத்தியது ஒரு நேர்ஸ் பிள்ளை. சேவைப் புத்தகக் கொப்பிக்கு வந்து நின்றவ, நான் மூடியைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தா.

“அண்ணை, இது எங்கட ஒப்பரேசன் தியேட்டர் மணமெல்லே! வெறுங்கையால தொடாதேங்கோ.”

அவ சொன்னது முழுக்க நியாயம். தோல், கண், மூச்சுக்குழாய் மூன்றையும் எரிக்கக்கூடிய பொருள் இது. நான் வாங்கிய போத்தலில் கையுறை என்ற சொல்லே இல்லை, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்ற வரிகூட இல்லை. மூடியும் சிறுபிள்ளை திருகித் திறக்கிற சாதாரண மூடி. அரைப் புள்ளியை அங்கேயே வெட்டினேன்.

அளவில் இன்னொரு குறை. எக்செல்லுக்கு அதன் நிறுவனம் சொல்வது: தொடக்கத்தில், அல்லது 40 வீதத்துக்கு மேல் தண்ணீர் மாற்றிய பிறகு, 40 லீற்றருக்கு 5 மில்லி, அதன் பின் 200 லீற்றருக்கு 5 மில்லி, தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். என் தொட்டிக்கு அது முதல்நாள் 16 மில்லி, பிறகு மூன்றேகால் மில்லி. நான் வாங்கிய போத்தலோ ஒவ்வொரு நாளும் 50 லீற்றருக்கு 5 மில்லி என்கிறது. நான்கு மடங்கு! கரைசலின் செறிவு எவ்வளவு என்று எங்கும் எழுதவில்லை. பெரிய கேனில் வந்ததைச் சின்னப் போத்தலில் ஊற்றி லேபல் ஒட்டியது என்பது லேபலைப் பார்த்தாலே தெரிகிறது. லேபல் அடிப்பதுதானே என் தொழில், இங்க்ஜெட் மையை எனக்குத் தெரியாதா? உற்பத்தித் திகதியும் இல்லை. செறிவு தெரியாத சாமானுக்கு லேபல் சொல்வதில் கால்வாசியில் தொடங்குவதுதான் புத்தி. நான் மூன்று மில்லிக்கு மேல் போகவில்லை, இறால் ஒன்றும் சாகவில்லை.

இனி நல்லதைச் சொல்கிறேன். கறுப்புத் தாடிப் பாசிக்கு இது மருந்தேதான். அந்தப் பாசி உண்மையில் சிவப்புப் பாசி இனம். கறுப்பாய்த் தெரிவது பச்சையும் சிவப்பும் கலந்து கிடப்பதால். நகத்தால் சுரண்டினாலும் இலைதான் கிழியும், பாசி வராது. காலையில் பில்டரை நிறுத்திவிட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சில் அந்த மூன்று மில்லியை எடுத்து, தண்ணீருக்கு அடியில் பாசிக் குஞ்சத்துக்கு மேலே மெதுவாக விட வேண்டும். ஐந்து நிமிடம் அசைக்காமல் விட்டுப் பிறகு பில்டரைப் போட்டால் சரி. இரண்டு மூன்று நாளில் குஞ்சம் ரோசாப்பூ நிறத்துக்கு மாறும். பச்சை நிறமி அழிய சிவப்பு மட்டும் மிஞ்சுவதுதான் அந்த நிறம். பிறகு சாம்பலாகி வெளிறும். உயிரோடு இருக்கும்போது திரும்பியும் பார்க்காத மொலிகள் வெளிறினதும் வந்து பிய்த்துத் தின்றன. அனுபியாஸ் இலை ஓரம் எல்லாம் துடைத்த மாதிரி வந்தது. கட்டையில் ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கம் என்று போனேன். ஒரே நாளில் முழுக் கட்டைக்கும் அடிப்பதற்காக அளவைக் கூட்டக் கூடாது.

நேரமும் முக்கியம். இது தண்ணீரில் ஒட்சிசனைக் குறைக்கிற சாமான். 30 பாகைத் தண்ணீரில் காற்றோடு சமநிலைக்கு வந்தாலும் லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம் ஒட்சிசன்தான் கரைந்து நிற்கும். இரவில் செடியும் சேர்ந்து மூச்செடுக்கும். ஆகவே இரவில் ஊற்றவே வேண்டாம், ஊற்றுகிற நாளில் காற்றுக்கல்லும் ஓடட்டும். குளிரான நுவரெலியாவில் இருக்கிறவன் எழுதினதைப் படித்துவிட்டு வெக்கையான பரந்தனில் செய்தால் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும்.

கண்ணாடித் தூளுக்கும் நூல் பாசிக்கும் ஒன்றும் நடக்கவில்லை. தூளைப் பழைய டெலிபோன் காட்டால் சுரண்டினேன், அது போத்தலை விடத் திறம். நூல் பாசி கொஞ்சம் வெளிறி, அடுத்த கிழமையே இன்னும் நீளமாக வந்தது. தண்ணீரே பச்சையாகிற வருத்தத்துக்கும் சிலர் இதை ஊற்றுகிறார்கள். அதற்குத் தொட்டியை நாலு நாள் கறுப்புத் துணியால் மூடி வைப்பது மேல், காசும் இல்லை. நீலப்பச்சையாய், தோல் தோலாய் உரிந்து, ஒரு கெட்ட நாற்றத்தோடு வருவது பாசியே இல்லை, பக்றீரியா. அதன் வழி வேறு.

இப்போது எனக்கு இந்தப் போத்தலோடு இருக்கிற பெரிய சண்டைக்கு வருகிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரை அறிந்தவர்களுக்குக் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. என் தண்ணீரின் பீஎச் (அமில-கார அளவு) 8க்கு மேலே. அந்த நிலையில் தண்ணீரில் செடிக்கு வேண்டிய காபன் இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் காபனீரொட்சைட்டாக இல்லை, இருகாபனேற்றாக. எல்லாச் செடியாலும் அதை எடுக்க முடியாது. வலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, எகேரியா, செரட்டோபில்லம் போன்றவைக்கு முடியும். வன்னிக் குளங்களில் ஹைட்ரில்லாவும் செரட்டோபில்லமும் காடாய் மண்டுவதற்கு ஒரு காரணம் அதுதான். குளத்தில் பிடுங்கிய ஹைட்ரில்லா இலையைத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று ஒரு சுண்ணாம்புப் பொருக்கு இருக்கும். இருகாபனேற்றிலிருந்து காபனை உறிஞ்சியதும் மிஞ்சுகிற கல்சியம் இலையிலேயே படிந்தது அது.

அதாவது கடினத் தண்ணீரில் போத்தல் இல்லாமலே கடகடவென்று வளர்ந்து, பாசிக்குப் போகவேண்டிய நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் உறிஞ்சித் தருகிற செடிகள் இவை. திரவக் காபன் முதலில் உருக்குவதும் அநேகமாக இவற்றைத்தான். வலிஸ்னேரியாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது முன்னமே கேள்விப்பட்டதால் முக்கால்வாசியைக் கிளப்பி வெளியே ஒரு பேசினில் போட்டேன். சோதிப்பதற்கென்று நாலு செடியை மட்டும் உள்ளே விட்டேன். கால்வாசி அளவிலேயே ஒரு கிழமையில் இலை கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்து, நடுவில் முறிந்து மிதந்தது. பேசினில் கிடந்தவை ஓடுதண்டு விட்டுக் குட்டி போட்டிருந்தன. உருகிய இலை அழுகினால் அமோனியா, அமோனியா வந்தால் இன்னும் பாசி. கொழும்பில் மென்தண்ணீரும் காபனீரொட்சைட்டு சிலிண்டரும் வைத்துச் சிவப்புச் செடி வளர்ப்பவருக்கு இந்தப் போத்தல் செய்கிற கணக்கு வேறு. எங்கள் தண்ணீரில் அது நண்பனை அடித்து எதிரிக்கு இடம் விடுகிறது. கடைக்காரர் இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். லேபலிலோ ‘எல்லா நீர்ச் செடிகளுக்கும் உகந்தது’ என்று கிடக்கிறது.

இந்தக் காசுக்கு வேறு என்ன வாங்கலாம் என்று கேட்டால், என் தொட்டியில் உண்மையாய்ப் பாசியைக் குறைத்தது ஒரு ரைமர். சுவர்ப் பிளக்கில் குத்துகிற, வட்டமாய்ச் சுற்றுகிற சாமான், சுற்றிவர 96 சின்னப் பல்லு, பல்லுக்குப் பதினைந்து நிமிடம். போத்தலை விட விலை குறைவு. முன்பு காலையில் கடை திறந்ததும் லைட்டைப் போட்டு, இரவு பூட்டும்போது நிறுத்துவோம். பன்னிரண்டு மணித்தியால வெளிச்சமும் அதற்கு மேல் பின்னேர வெயிலும். இப்போது காலை எட்டிலிருந்து பின்னேரம் இரண்டு மணி வரை ஆறு மணித்தியாலம் லைட், அவ்வளவுதான். வெயிலுக்குத் தொட்டியின் முன்கண்ணாடியில் ஒரு தட்டி. பழைய பெனர் துணியைச் சட்டத்தில் அடித்தது, மூன்று மணிக்குத் தொங்கவிடுவோம். கிழமைக்கு ஒருதரம் மூன்றிலொரு பங்கு தண்ணீர் மாற்றம். நூல் பாசியைப் பல்லுத் தீட்டுகிற பிரசில் சுற்றி இழுத்து எடுத்தேன், திரும்ப வந்தது, திரும்ப எடுத்தேன், பிறகு வரவு குறைந்து நின்றேவிட்டது.

ரைமர் வாங்குபவர்களுக்கு ஒன்று. சுற்றுகிற வகை கரண்ட் போனால் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து சுற்றும். இரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லையென்றால் லைட்டும் இரண்டு மணித்தியாலம் பிந்தும். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்படியான நாட்களில் இந்த ரைமர் இரவு பகல் தெரியாமல் நிற்கும். உள்ளே பற்றரி வைத்த டிஜிட்டல் வகை நேரத்தை மறக்காது, விலை இரண்டு மடங்கு. நான் சுற்றுகிறதையே வைத்திருக்கிறேன், கரண்ட் வந்ததும் விரலால் திருப்பி விடுவது ஒரு பெரிய வேலையா? ஆனால் கடை பூட்டிக் கிடக்கிற நாட்கள் அதிகம் என்றால் டிஜிட்டல்தான்.

இதே வவுனியாக் கடையில் போத்தலோடு சேர்த்து ‘பாசி தின்னி மீன்’ என்றும் இரண்டு காட்டினார்கள். அவை சீனப் பாசி தின்னி. சின்னதில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வடிவாய்த் தின்னும், பெருத்ததும் சோம்பேறியாகி மற்ற மீனின் செதிலை உறிஞ்சப் போகும். கறுப்புத் தாடியைத் தின்கிறது சயாமியப் பாசி தின்னி. வாயிலிருந்து வால் கவட்டின் நுனிவரை ஒரே கறுப்புக் கோடு ஓடும், செட்டைகளில் நிறம் இராது. கோடு வாலுக்கு முன்னமே நின்றாலோ, கோட்டுக்கு மேல் தங்க நிற வரி இருந்தாலோ அது வேறு மீன். விலை ஒன்றென்றால்கூட வாங்காதீர்கள்.

பார்மசியில் கிடைக்கிற ஐதரசன் பெரொட்சைட்டைப் பற்றியும் கேட்பார்கள், ஏனென்றால் விலை இதில் பத்திலொன்று. தாடிப் பாசிக்கு அதுவும் வேலை செய்யும், அதே சிரிஞ்ச், அதே ஐந்து நிமிடம். கடைசியில் தண்ணீரும் ஒட்சிசனுமாகப் பிரிந்து போவதால் மிச்சம் நிற்பதில்லை, எனக்கு அந்தக் குணம் பிடிக்கும். ஆனால் போத்தலில் 10 வொலியும் (vol.) என்றிருந்தால் 3 வீதம், 20 வொலியும் என்றிருந்தால் 6 வீதம். ஒன்றை மற்றதென்று நினைத்து ஊற்றினால் இருமடங்கு. பாசிச் செடி என்று விற்கிற மொஸ் வகைகளும் இதற்குத் தாங்காது. தனிக் கட்டையை வெளியே எடுத்து, தூரிகையால் பூசி, கழுவிவிட்டு உள்ளே போடுவதற்குப் பெரொட்சைட்டு. செடி நட்ட இடத்தில் இலையில் குறிவைத்து அடிக்கத் திரவக் காபன். நான் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறேன்.

மிதவைச் செடியும் நல்ல உதவி, வெளிச்சத்தையும் மறைத்து உரத்தையும் குடிக்கும். சல்வீனியாவை ஒரு கைப்பிடி போட்டால் மாதத்தில் தொட்டியை மூடும், வாளிக்கணக்கில் அள்ள வேண்டிவரும். அள்ளியதை வாய்க்காலில் மட்டும் கொட்டாதீர்கள். ஆகாயத்தாமரைக்கு எதிராக 1909இலேயே இந்த நாட்டில் சட்டம் போட்டார்கள், சல்வீனியாவும் அதே மாதிரித் தொல்லைதான். இரணைமடு வாய்க்காலுக்குள் போனால் வயல்காரன் உங்களைத்தான் தேடுவான். வெயிலில் காயவைத்து வாழைக்கு அடியில் போடுங்கள். குளத்திலிருந்து செடி கொண்டுவருகிறவர்கள் தொட்டியில் போடமுன் கொண்டிஸ் (பொற்றாசியம் பரமங்கனேற்று) கரைத்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் அமிழ்த்துங்கள், தும்பிக் குஞ்சு ஒன்று வந்தாலே கப்பிக் குஞ்சு ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே யார் வாங்கலாம்? அனுபியாஸ், ஜாவா பன்னம் மாதிரி மெல்ல வளர்கிற செடி வைத்து, அதில் கறுப்புத் தாடி பிடித்து நிற்கிறவர் வாங்கலாம், சின்னப் போத்தல் போதும். கண்ணாடி பச்சை, தண்ணீர் பச்சை என்பவர் காசைப் பையிலேயே வைத்திருங்கள். வலிஸ்னேரியா நிறைய வைத்திருப்பவர் பக்கத்திலும் போக வேண்டாம். வாங்கப் போனால் செறிவும் திகதியும் அச்சடித்த போத்தலாய்க் கேளுங்கள். வவுனியாவில் கேட்டபோது, ஒறிஜினல் எக்செல் கொழும்பிலிருந்து சொல்லி எடுப்பிக்கலாம், விலை மூன்று மடங்குக்கு மேல் வரும் என்றார்கள். ஒரு நாளைக்கு மூன்றேகால் மில்லி, அதுவும் தாடி பிடித்த இடத்துக்கு மட்டும் என்றால் 250 மில்லிப் போத்தல் ஒன்று இரண்டரை மாதம் ஓடும். அந்தக் கணக்கையும் பார்த்துத்தான் வாங்குங்கள். என்னிடம் மிஞ்சிய கால்வாசியை மூடிக்கு மேல் செலோரேப் சுற்றி, மேல் தட்டில் டோனர் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.